பெரியோர் பெயரால் வந்த பொய்யோலைகள்

"பெரியவர் சொல்லியனுப்பினார்" என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் உள்ள மதிப்புச் சிறிதன்று. கோயிற் குருக்கள் கேட்டனுப்பினார், பங்குத்தந்தை வேண்டுகிறார், பள்ளிவாசல் மௌலவி எழுதியிருக்கிறார், விகாரையின் தேரர் விரும்புகிறார், பாடசாலை அதிபர் அழைக்கிறார் என்றால், கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து செல்வது நம்மவர் வழக்கம். அத்தகைய வேளையில் நாம் காரணம் கேட்பதில்லை, கணக்கும் பார்ப்பதில்லை. கோபுரங்கள் எழுந்ததும், பாடசாலைகள் தோன்றியதும், ஆதரவற்ற குடும்பங்களுக்கு அடுப்பெரிந்ததும் பெரும்பாலும் இந்த வழக்கத்தின் பயனேயாம்.

இந்த நல்ல வழக்கத்தையே முதலாக வைத்துத் தீய வாணிபம் நடத்துவோர் இன்று பெருகியுள்ளனர். ஊரறிந்த பெரியவர் ஒருவரின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, அவரே எழுதுவதுபோல் மின்னஞ்சல் வழியாகவோ வட்ஸ்அப் வழியாகவோ செய்தி அனுப்புகின்றனர். "அவசரமாக ஓர் உதவி வேண்டும், நான் இப்பொழுது பேச முடியாத இடத்தில் இருக்கிறேன், பணத்தை இந்தக் கணக்கிற்கு அனுப்பிவிடுங்கள், வேறொருவருக்கும் சொல்ல வேண்டாம்" என்பதே அச்செய்திகளின் சாரம். தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் தொழிலை நினைவூட்டும் 'பிஷிங்' என்னும் பெயர் இதற்கு வழங்குகின்றது. அப்பெயர் 1990களில், கணினி வலையமைப்புக்கள் பரவத் தொடங்கிய காலத்திற் பிறந்தது.

பெயர் புதிது, செயல் மிகப் பழையது. மனிதர் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்கிய நாள் முதலாக, அந்த மதிப்பைத் திருடும் கள்வனும் இருந்தே வந்திருக்கின்றான். அவன் முதலில் வேடத்தைத் திருடினான். பின்னர்க் கையொப்பத்தையும் முத்திரையையும் திருடினான். இன்று குரலையும் முகத்தையுமே திருடுகின்றான். அக்கள்வனின் வரலாற்றையும், அவனைக் காண்பதற்கு முன்னோர் கைக்கொண்ட வழிகளையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

வேடத்தைத் திருடியவனுக்கு நம் இலக்கியத்திலேயே ஒரு பெயர் உண்டு. அவன் முத்தநாதன். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் அவனைக் காண்கின்றோம். சேதி நாட்டுத் திருக்கோவலூரிலிருந்து ஆட்சி புரிந்த அம்மன்னரைப் போர்க்களத்தில் வெல்ல முயன்று பன்முறை தோற்றவன் அவன். வாளால் வெல்ல முடியாதவரை எதனால் வெல்லலாம் என்று எண்ணினான். அடியார் திருவேடத்தின்மேல் மன்னர் கொண்டிருந்த பக்தி அவன் கண்ணிற் பட்டது. உடல் முழுவதும் நீறு பூசிக்கொண்டு, சடைமுடி தாங்கி, கையில் ஒரு சுவடிக் கட்டை எடுத்துக்கொண்டு அரண்மனை வாயிலுக்கு வந்தான். சுவடிக் கட்டினுள்ளே இருந்தது ஓர் உடைவாள்.

அடுத்து நடந்தவற்றை நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஏனைய வாயில் காவலர் அனைவரும் வேடத்தைக் கண்டு வழிவிட்டனர். உள்வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, "அரசர் துயில்கின்றார், காலமறிந்து செல்லுதல் வேண்டும்" என்று தடுத்தான். வந்தவன் காத்திருக்க உடன்படவில்லை. அரசருக்கு ஓர் உறுதிப்பொருளை உணர்த்தவே வந்ததாகக் கூறி, அவனையும் கடந்து உள்ளே புகுந்தான். எங்கும் கிடைத்தற்கரிய ஆகம நூல் ஒன்று தன்னிடம் இருப்பதாக மன்னரிடம் சொன்னான். பின்னர், அரசியார் உடனிருத்தல் ஆகாது, நாம் இருவரும் தனித்திருக்க வேண்டும் என்றான். அரசியாரை அப்பால் அனுப்பிவிட்டு, அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கிய மன்னரை, அவன் சுவடிக் கட்டை அவிழ்த்து வாளினால் வீழ்த்தினான்.

மெய்ப்பொருள் நாயனாரின் பெருமை அவர் இறக்கும் வேளையிலும் அத்திருவேடத்திற்குத் தீங்கு நேராதபடி காத்தமையில் உள்ளது. பாய்ந்து வந்த தத்தனைத் தடுத்து, வந்தவனை ஊரவர் கையிற் படாமல் எல்லைவரை கொண்டுபோய் விடுமாறு அவனையே ஏவினார் அவர். அந்தப் பக்தியின் உயர்வை அளக்க நாம் முற்படவில்லை. வரலாறு பயில்வோர் என்ற முறையில் முத்தநாதனின் தொழிலை மட்டும் பிரித்துப் பார்ப்போம். அதில் நான்கு படிகள் உள்ளன. மதிக்கப்படும் வேடத்தை அணிந்தான். மனம் விரும்பும் ஒரு பொருளைக் காட்டினான். காலம் தாழ்க்க மறுத்தான். உடனிருந்தவரை விலக்கி மன்னரைத் தனிமைப்படுத்தினான். இன்று நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் பொய்ச்செய்தியை எடுத்து இந்த நான்கு படிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு படியேனும் மாறியிருப்பதாகத் தெரியவில்லை.

வேடத்தின் வலிமை பழங்காலத்தோடு ஒழிந்ததென்று எண்ணுதல் கூடாது. 1906ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 16ஆந் தேதி, ஜேர்மனியில் பேர்லின் நகரை அடுத்த கோப்பெனிக் என்னும் ஊரில் நடந்ததை உலகமே கேட்டுச் சிரித்தது. பன்முறை சிறை சென்று மீண்ட வில்ஹெல்ம் வோக்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பழைய பொருள்கள் விற்கும் கடைகளில் ஒரு கப்டனின் சீருடையைத் துண்டு துண்டாகச் சேர்த்து வாங்கினான். அதனை அணிந்துகொண்டு வீதியிற் சென்ற படைவீரர் சிலரைத் தடுத்து நிறுத்தித் தன் பின்னே வரும்படி ஆணையிட்டான். அவர்களும் வந்தனர். அவர்களோடு இரயிலேறிக் கோப்பெனிக் நகரமண்டபத்தை அடைந்து, நகர முதல்வரைக் கைதுசெய்து, கருவூலத்திலிருந்த மூவாயிரத்து ஐந்நூறு மார்க்குக்கு மேற்பட்ட பணத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினான்.

பத்து நாள்களில் அவன் பிடிபட்டான்; நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனையும் பெற்றான். 1908ஆம் ஆண்டில் ஜேர்மனியச் சக்கரவர்த்தி அவனுக்கு மன்னிப்பு அளித்தார். சிரிப்பு அடங்கிய பின்னர்ச் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அவனைப் பின்பற்றிய வீரர் எவரும் மூடரல்லர். நகர முதல்வரும் கல்லாதவரல்லர். சீருடையைக் கண்டால் கேள்வி கேட்டல் தகாது என்று அவர்கள் பழக்கப்பட்டிருந்தனர். ஆகவே, வஞ்சகனுக்கு இரையாகின்றவர் பேராசைக்காரர் அல்லது அறிவிலிகள் என்று கருதுவது பெருந்தவறு. பணிவும் ஒழுங்கும் உள்ளவரே இவ்வகை வஞ்சனையில் முதலில் விழுகின்றனர்.

இனி, கையொப்பத்தைத் திருடிய கதைக்கு வருவோம். 1757ஆம் ஆண்டில், பிளாசிப் போருக்குச் சற்று முன்னர், வங்காள நவாபைக் கவிழ்ப்பதற்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மீர் ஜாபருடன் இரகசிய உடன்படிக்கை செய்தனர். இடைநின்று உதவிய கல்கத்தாச் செல்வர் உமிசந்து தமக்கு 30 இலட்சம் ரூபா தரப்படவேண்டும் என்றும், அது உடன்படிக்கையில் எழுதப்படவேண்டும் என்றும் வற்புறுத்தினார். ரொபர்ட் கிளைவ் வெள்ளைத்தாளில் ஒன்றும் சிவப்புத்தாளில் ஒன்றுமாக இரண்டு உடன்படிக்கைகளை எழுதச் செய்தார். உமிசந்தின் பங்கு குறிக்கப்பட்ட சிவப்புத்தாள் போலியானது. அதிற் கையொப்பமிட அட்மிரல் உவாட்சன் மறுத்துவிட்டார். அவர் பெயர் இல்லையேல் உமிசந்து ஐயுறுவார் என்று கருதிய கிளைவ், அப்பெயரை வேறொருவர் கையால் எழுதுவித்தார்.

போர் முடிந்தது, ஆங்கிலேயர் வென்றனர். அதன் பின்னரே சிவப்புத்தாள் வெறும் ஏமாற்று என்பது உமிசந்திற்குச் சொல்லப்பட்டது. பின்னாளிற் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரித்தபோதும் கிளைவ் இச்செயலை மறுக்கவில்லை. வேண்டுமாயின் மீண்டும் செய்வேன் என்றே கூறினார். உமிசந்து எளிதில் ஏமாறுபவரல்லர், வாணிபத்திற் பழுத்தவர். அவர் தாளை ஆராய்ந்தார்; அதில் அட்மிரலின் பெயர் உள்ளதா என்று பார்த்தார். அட்மிரலை நேரிற் கண்டு, "ஐயா, இது தங்கள் கையெழுத்துத்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பின் முழு வஞ்சனையும் அந்த ஒரு கணத்தில் வெளிப்பட்டிருக்கும். செய்தியை எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும், செய்திக்கு உரியவரைக் கேட்பதற்கு அது ஈடாகாது.

மூன்றாவது களவு முத்திரைக் களவு. விசாகதத்தர் என்னும் வடமொழிக் கவிஞர் இயற்றிய முத்திராராட்சசம் என்ற நாடகம் இதனையே பொருளாகக் கொண்டது. அழிந்த நந்தவமிசத்தின் அமைச்சன் இராட்சசன். தன் குடும்பத்தை நண்பன் வீட்டில் மறைத்து வைத்திருந்தான். வாயிலுக்கு ஓடிவந்த சிறுவனை உள்ளே இழுக்கும்போது, அவன் மனைவியின் விரலிலிருந்து அவனது முத்திரை மோதிரம் நழுவி விழுந்தது. அது சாணக்கியன் கையை அடைந்தது. சாணக்கியன் இராட்சசனின் நெருங்கிய நண்பனான எழுத்தனைக் கொண்டே, அவன் அறியாதபடி ஓர் ஓலை எழுதுவித்து, அம்மோதிரத்தால் முத்திரையும் இடுவித்தான். கையெழுத்தும் உண்மை, முத்திரையும் உண்மை. செய்தி மட்டும் பொய். அதைக் கண்ட இளவரசன் மலயகேது தன் உற்ற துணைவனையே பகைவனென நம்பி விலக்கினான்.

அந்நாடகத்தின் உண்மைப் பொருள் இன்றுதான் நமக்கு நன்கு விளங்குகின்றது. வட்ஸ்அப் கணக்கொன்றைப் புதியதொரு தொலைபேசியில் திறப்பதற்கு, உரியவரின் தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் வரும். அதனை ஓ.ரி.பி. என்பர். வஞ்சகன் ஏதேனும் பொய்க்காரணம் கூறி அவ்விலக்கத்தைக் கேட்டுப் பெற்றுவிட்டால், அந்தக் கணக்கு முழுவதும் அவன் கைக்குப் போய்விடும். அதன் பின்னர் அவன் அனுப்பும் செய்தி உண்மையான இலக்கத்திலிருந்தே வரும். உண்மையான படத்தோடு வரும். முன்னர் நாம் பேசியவற்றின் கீழேயே வந்து நிற்கும். சோதித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஓ.ரி.பி. இலக்கம் இன்றைய முத்திரை மோதிரம். அது நம் விரலிலிருந்து நழுவினால் இழப்பு நம்முடையது மட்டுமன்று. நம் பெயரை நம்பிய அனைவருடையதுமாகும்.

இனிக் குரலையும் முகத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு முதலாக, பிரான்சின் பாதுகாப்பு அமைச்சராயிருந்த ஜான் இவ் லு திரியான் என்பவரின் பெயரால், பல நாட்டுச் செல்வர்களுக்கும் தலைவர்களுக்கும் தொலைபேசி அழைப்புக்கள் சென்றன. பணயமாகப் பிடிபட்ட பிரெஞ்சுக்காரரை மீட்பதற்கு இரகசியமாகப் பணம் வேண்டும் என்றும், அரசு வெளிப்படையாக அதனைக் கொடுக்க முடியாதென்றும் கூறப்பட்டது. ஐயுற்றவர்களுக்கு ஒளித்தோற்றத்தில் அமைச்சரே தோன்றினார். அது அமைச்சரின் முகத்தைப் போன்று செய்யப்பட்ட ஒரு முகமூடி. பின்னே பிரெஞ்சுக் கொடியோடு அமைக்கப்பட்ட பொய்யான அலுவலக அறை. இவ்வாறு 5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட பணம் பறிபோயிற்று. 2020ஆம் ஆண்டிற் பாரிஸ் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

முகமூடி செய்யும் உழைப்புக்கூட இப்பொழுது வேண்டியதில்லை. கணினியே ஒருவரின் குரலையும் முகத்தையும் படைத்துவிடுகின்றது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹொங்கொங்கிலிருந்து வெளிவந்த செய்தி இதற்குச் சான்று. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் ஊழியருக்கு, தலைமை நிதி அதிகாரியின் பெயரால், இரகசியப் பணமாற்றம் பற்றிய ஒரு செய்தி வந்தது. அவர் முதலில் ஐயுற்றார். அதன் பின்னர் ஒளித்தோற்றக் கூட்டமொன்றிற்கு அழைக்கப்பட்டார். அதிகாரியும் பிற அலுவலரும் அங்கே தோன்றிப் பேசினர். ஐயம் நீங்கியவராய், பதினைந்து தடவைகளாக ஏறத்தாழ 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பினார். அக்கூட்டத்தில் அவர் கண்ட முகங்கள் அனைத்தும் கணினி படைத்த பொய்த்தோற்றங்கள் என்பது, பின்னர்த் தலைமையகத்தைக் கேட்டபோதே தெரியவந்தது.

இவையெல்லாம் பெருஞ்செல்வர் கதை, நமக்கு வாராது என்று இருத்தல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2019ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. போதகர், ஆயர், யூத குரு, இமாம் முதலிய சமயத் தலைவர்களின் பெயரால் வழிபடுவோருக்குச் செய்தி அனுப்பி, துன்பத்திலிருக்கும் ஒருவருக்கு உதவ என்று கூறிப் பரிசு அட்டைகளை வாங்கச் செய்து, அவற்றின் இரகசிய இலக்கங்களைப் பறிக்கின்றனர் என்பதே அவ்வெச்சரிக்கை. 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்துச் சென்ற சில வாரங்களுக்குள்ளேயே, நிவாரணத்தின் பெயரால் மோசடியாகப் பணம் திரட்டும் மின்னஞ்சல்கள் உலாவுவதாக அமெரிக்கப் புலனாய்வுத் துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. நம் பிணங்கள் அடக்கம் செய்யப்படுமுன்னரே நம் கண்ணீரை விற்கத் துணிந்தோர் அவர்.

கள்வனின் வரலாறு இதுவாயின், காவலின் வரலாறும் உண்டு. பெரியவரைச் சோதித்தல் அவமதிப்பு என்னும் எண்ணமே நம்மில் ஆழமாக வேரூன்றியுள்ளது. வஞ்சகன் நம்பியிருப்பதும் அவ்வெண்ணத்தையே. ஆனால், நாம் போற்றும் சமயப் பெரியோரே சோதித்தலைக் கடமையாக விதித்திருக்கின்றனர் என்பதை வரலாறு காட்டுகின்றது.

பௌத்தரின் பாளி நூல்களுள் ஒன்றாகிய மகாபரிநிப்பான சுத்தத்தில் புத்தர் பிரான் தம் இறுதிப் பயணத்தின்போது கூறிய அறிவுரை ஒன்று இடம்பெற்றுள்ளது. "புத்தர் வாயிலிருந்தே நான் இதைக் கேட்டேன்" என்று ஒருவன் சொல்லக்கூடும். முதிய தேரர் சொன்னார் என்றும், இன்ன இடத்துச் சங்கத்தார் சொன்னார் என்றும் சொல்லக்கூடும். அப்பொழுது அதனை உடனே போற்றவும் வேண்டாம், உடனே இகழவும் வேண்டாம். சொல்லைக் கவனமாக வாங்கி, முன்பு அறிந்த போதனையோடும் ஒழுக்கவிதியோடும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கின்றார். சொல்பவர் பெயரைக் கேட்டு மயங்காமலும், அவரைப் பழிக்காமலும், இடையில் நின்று ஆராயும் நடுநிலை இது.

கிறித்தவரின் புதிய ஏற்பாட்டில், தெசலோனிக்கர் சபைக்குப் பவுலடியார் பெயரால் அமைந்த இரண்டாம் நிருபத்தைப் பாருங்கள். எம்மிடமிருந்து வந்ததுபோன்ற கடிதத்தினாலும் கலங்காதிருங்கள் என்று அதில் எச்சரிக்கை வருகின்றது. முடிவில், இந்த வாழ்த்தை என் கையாலேயே எழுதுகின்றேன், என் நிருபங்களுக்கெல்லாம் இதுவே அடையாளம் என்று கூறப்படுகின்றது. தம் பெயரால் பொய்க்கடிதம் வரக்கூடும் என்று தலைவரே முன்வந்து சொல்லி, அதனைக் கண்டறியும் வழியையும் கொடுக்கும் பண்பு இங்கே தெரிகின்றது.

இசுலாமிய அறிஞரோ இந்தச் சோதனையை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தனர். நபிகள் நாயகம் சொன்னார் என்று ஒரு வாக்கியம் வந்தால், அதனை உனக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் வினவினர். அவர் ஒருவரையொருவர் சந்தித்திருக்க முடியுமா, வாய்மையுடையவரா, நினைவாற்றல் உள்ளவரா என்றும் ஆராய்ந்தனர். 870ஆம் ஆண்டில் மறைந்த இமாம் புகாரியின் தொகுப்பு அவ்வாறு எழுந்ததே. நாயகத்தின் மேலுள்ள அளவிறந்த மதிப்பே அவர்களை ஆராயச் செய்தது.

நம் சோழப் பேரரசிலும் இதே நெறியைக் காண்கின்றோம். நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் சாசனம், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் அளித்ததைக் கூறுகின்றது. அரசன் வாயால் ஆணை பிறந்தது. ஆனால் அதுவே போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. திருமந்திர ஓலை எழுதும் அலுவலர் எழுதினார். ஓலை நாயகம் என்போர் ஒப்புநோக்கினர். வரிப்புத்தகத்தில் அது பதியப்பட்டது. ஒவ்வொரு படியிலும் நின்ற அலுவலர் பெயரும் எழுதப்பட்டது. இவ்வளவும் நடந்த பின்னர் ஆணை நாட்டாரிடம் சென்றபோது, அவர்கள் எதிர்கொண்டு தொழுது, அதனை வாங்கித் தலைமேல் வைத்தனர். பின்னர்ப் பெண்யானையை நடத்தி ஊரின் எல்லையை வகுத்தனர். மதிப்பும் சோதனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? தலைமேல் வைத்து வணங்கிய ஆணையே பலர் கையால் ஒப்புநோக்கப்பட்ட ஆணையுமாகும்.

தந்தி வந்த காலத்தில் இதே கேள்வி மீண்டும் எழுந்தது. தந்தியிற் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆகவே வங்கிகள், தந்தி வழியாகப் பணம் அனுப்பும்போது, தம்முள் முன்னரே பேசி வைத்துக்கொண்ட இரகசிய இலக்கம் ஒன்றைச் செய்தியிற் சேர்த்தன. அவ்விலக்கம் பொருந்தாவிடின் பணம் கொடுபடாது. அனுப்பியவர் எவ்வளவு பெரியவராயினும் விதி ஒன்றே. வங்கிக்குத் தகுந்த அந்த வழி ஒரு குடும்பத்திற்கும் தகும்.

நேயர்களே, இவ்வளவு வரலாற்றையும் சுருக்கினால் நமக்குச் சில நடைமுறைகள் கிடைக்கின்றன.

முதலாவது, பெரியவர் பெயரால் பணமோ இரகசிய இலக்கமோ கேட்டு வரும் செய்திக்கு, அச்செய்தி வந்த வழியிலேயே மறுமொழி அனுப்பற்க. முன்னரே நம்மிடம் எழுதி வைத்துள்ள தொலைபேசி இலக்கத்திற்கு அழைத்து, அவர் குரலைக் கேட்டு, அவரும் நாமும் மட்டுமே அறிந்த ஒன்றைப் பற்றிப் பேசுக. இயலுமாயின் ஒருவரை நேரில் அனுப்புக. உமிசந்து செய்யத் தவறியது இதுவே.

இரண்டாவது, "அவசரம்" என்ற சொல் வந்தவுடன் தத்தனை நினைவிற் கொள்க. காலமறிந்து செல்லுக என்று அவன் சொன்னதை நாமும் சொல்லுவோம். உண்மையான பெரியவர் அரைமணி நேரம் பொறுப்பார். பொறுக்க மாட்டாதவன் முத்தநாதன்.

மூன்றாவது, "ஒருவருக்கும் சொல்லாதே" என்று வருமாயின், உடனே ஒருவருக்குச் சொல்லுக. பிள்ளைகளுக்கோ, அயலவருக்கோ, ஆலய சபையாருக்கோ சொல்லுக. ஊருக்கு நன்மை செய்யும் பணி ஊருக்கு மறைவாக நடைபெற வேண்டிய தேவை என்ன?

நான்காவது, ஓ.ரி.பி. இலக்கத்தை, கேட்பவர் யாராயினும், கொடுக்கற்க. செய்தியோடு வரும் இணைப்புக்களை அழுத்தி அங்கே வங்கி விவரங்களை எழுதற்க. குடும்பத்தாருக்குள் ஓர் இரகசியச் சொல்லை வாய்மொழியாக வைத்துக்கொள்க. அழைத்தும் எழுதியும் அவசர உதவி கேட்பவர் அச்சொல்லைக் கூறாவிடின், குரல் மகனுடையதுபோல் இருப்பினும் நம்பற்க.

ஐந்தாவது, பேசும் முறையைக் கவனிக்க. உங்களை என்றும் "தம்பி" என்று அழைக்கும் குருக்கள் திடீரென "அன்பரே" என்று எழுதுவாரா? "பிள்ளை" என்று அழைக்கும் ஆசிரியை பெயர் சொல்லி எழுதுவாரா? பொய் எழுதுபவன் பெயரைத் திருடலாம்; பழக்கத்தைத் திருடுதல் அத்துணை எளிதன்று. ஆயினும் முறை சரியாக இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. பழைய உரையாடலைப் படித்தவன் அதனையும் கற்றிருப்பான்.

ஏமாற நேர்ந்துவிட்டால், நாணி மறைத்தல் கூடாது. அந்தக் கணமே வங்கிக்கு அறிவித்தால் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு உண்டு. பின்னர்ப் பொலிசாரிடமும் முறையிடுக. ஆள்மாறாட்டத்தால் வஞ்சித்தல் நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையிலேயே குற்றமாகக் கூறப்பட்டுள்ளது. 2007ஆம் ஆண்டில் கணினிக் குற்றங்கள் சட்டமும் இயற்றப்பட்டது. மறைப்பவர் தம் பணத்தை இழப்பதோடு, அடுத்த வீட்டார் விழுவதற்கும் குழியைத் திறந்து வைக்கின்றார்.

தலைவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கோயிலிலும் ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் பாடசாலைக் கூட்டத்திலும், "நான் செய்தி அனுப்பிப் பணம் கேட்பதில்லை, அவ்வாறு வந்தால் என்னை நேரிற் கேளுங்கள், கேட்பதனால் நான் வருந்தேன்" என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். தம் கையெழுத்தே அடையாளம் என்று அந்த நிருபத்தில் அறிவிக்கப்பட்டதுபோல், இவர்களும் தம் அடையாளத்தை அறிவிக்க வேண்டும். அவ்வொரு சொல் ஊரவரின் தயக்கத்தை நீக்கும்.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. குருக்கள் பெயரால் ஒருமுறை ஏமாந்தவர், மறுமுறை உண்மையான குருக்கள் ஒரு நோயாளிப் பிள்ளைக்காகக் கையேந்தும்போது கதவைச் சாத்திவிடுவார். மரண சகாய சங்கத்திற்குச் சந்தா குறையும். கடல் கடந்து வாழும் உறவினர் ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பும் உதவி நின்றுபோகும். கள்வன் கொண்டுபோகும் பணத்தைவிட, அவன் பின்னே விட்டுச்செல்லும் ஐயம் கொடிது. திருக்குறளில் "தெரிந்து தெளிதல்" என்றோர் அதிகாரமே உண்டு. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரைப் பின்னர் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அங்கே வள்ளுவர் காட்டும் முடிவு.

ஆதலின், ஆராய்வோம், ஆராய்ந்தபின் முழு மனத்தோடு நம்புவோம். பெரியவரின் சொல்லைத் தலைமேல் வைப்போம். அது அவர் சொல்தானா என்று கேட்டறிந்து வைப்போம். வாயிலில் ஒரு தத்தன் விழித்திருக்கும் வீட்டில், அடியாருக்கு இடும் அன்னம் என்றும் குறையாது.